வரைபடமும் ஒரு சரக்குதான்



கடைக்கு வழி சொல்வதும் வியாபாரத்தில் ஒரு பகுதிதான். "தேரடிக்கு எதிர்ச் சந்து, அரிசி மண்டியைத் தாண்டி மூன்றாவது கடை" என்று நோட்டீஸில் போட்டுத்தான் நம் முன்னோர் வாடிக்கையாளரை வரவழைத்தார்கள். இன்று அந்த வேலையைக் கைப்பேசியில் உள்ள வரைபடம் செய்கிறது. லோடு ஏற்றி வரும் டிரைவர் தெருப் பெயரைக் கேட்பதில்லை. "லொகேஷன் அனுப்புங்க" என்கிறார். கல்யாண வீட்டுக்குச் சாமான் வாங்க வரும் வெளியூர்க்காரரும் அதையேதான் கேட்கிறார். காலத்துக்கு ஏற்ற வசதி, நாமும் பயன்படுத்திக்கொள்கிறோம். அதில் தவறு ஏதும் இல்லை.

ஆனால் இதோடு சேர்ந்து ஒரு புதுப் பழக்கமும் வந்துவிட்டது. திறப்பு விழா நோட்டீஸ், தினசரி காலண்டர், விசிட்டிங் கார்டு, துணிப்பை, சங்கத்தின் ஆண்டு மலர் என்று எதை அச்சடித்தாலும், கைப்பேசியில் தெரியும் வரைபடத்தை அப்படியே படம் பிடித்து அதில் ஒட்டிவிடுகிறோம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தெருவைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூ படத்தில் தம் கடை முகப்பை மட்டும் வெட்டி எடுத்து, பெரிய பிளக்ஸ் போர்டாகவே வைத்துவிடுகிறார்கள். இவையெல்லாம் யாருடைய பொருள், எடுத்து அச்சடிக்க நமக்கு உரிமை உண்டா, உண்டென்றால் யார் பெயரைப் போட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்ப்பது இலவசம், எடுப்பது?

மண்டிக்கு வருகிறவர் ஒரு கைப்பிடி உளுந்தை அள்ளிப் பார்க்கலாம். வாயில் போட்டும் பார்க்கலாம். அதற்கு நாம் காசு கேட்பதில்லை. அதற்காக அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆகிவிடாது. கைப்பேசி வரைபடத்தின் கதையும் இதுதான். பார்ப்பதற்கும் வழி தெரிந்துகொள்வதற்கும் நம்மிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் அது கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் அல்ல.

கூகுள் மேப் 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தெருக்களைப் படமாகக் காட்டும் ஸ்ட்ரீட் வியூ 2007-ல் அமெரிக்காவில் வந்தது. நம் நாட்டில் 2011-ல் பெங்களூரில் படம் எடுக்கத் தொடங்கியபோது காவல் துறை தடுத்ததால் பணி நின்றுபோயிற்று. பின்னர் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தெருக்களில் இவ்வாறு படம் எடுத்து அளவெடுக்கும் வேலையை இந்திய நிறுவனங்கள் மட்டுமே செய்யலாம் என்று அதில் வைத்தார்கள். அதன்படி ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா ஆகிய இரு இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களைக் கொண்டு, 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் ஸ்ட்ரீட் வியூ தொடங்கப்பட்டது. சுமார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் சாலைகள் அப்போதே படமாக்கப்பட்டிருந்தன.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதற்கு டீசல் மட்டும் எவ்வளவு ஆகும் என்று லாரி வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆள் கூலி, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் தனி. இது முதல் போட்டுத் தயாரித்த சரக்கு. படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் காணப்படும் நிறுவனப் பெயர்கள்தான் அந்தச் சரக்கின் மார்க்.

அழித்துவிடலாமா அந்த எழுத்தை?

எங்கள் பகுதியில் ஒரு மலர் வேலை நடந்தபோது, அச்சகத்தில் டிசைன் செய்யும் பையன், "அண்ணாச்சி, படத்துக்கு அடியில பொடி எழுத்தா இருக்கு, பார்க்க நல்லா இல்ல, எடுத்துரட்டுமா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, மூட்டை மேல இருக்கிற மார்க்கை அழிச்சிட்டு சரக்கை விக்கச் சொல்றியா?" என்றேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

நாம் போலிச் சரக்கை எதிர்த்து ஆண்டுதோறும் மாநாடுகளில் தீர்மானம் போடுகிறோம். நல்ல பெயர் எடுத்த ஒரு மார்க் மசாலாவையோ பெருங்காயத்தையோ எவனோ ஒருவன் அதே நிறப் பையில் அடைத்து விற்றால், நமக்கு வயிறு எரிகிறது. அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கிறோம். அதே சங்கத்தின் மலரில் இன்னொருவரின் வரைபடம் பெயர் அழிக்கப்பட்டு அச்சாகியிருந்தால், நம் மனுவுக்கு என்ன மரியாதை இருக்கும்? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையாக அல்லவா இருக்கும்!

சட்டமும் நிபந்தனையும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓவியம், சிற்பம், புகைப்படம் ஆகியவற்றோடு வரைபடமும் கலைப் படைப்பு என்றே சேர்க்கப்பட்டுள்ளது. தெரிந்தே பதிப்புரிமையை மீறுகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 63-ஆவது பிரிவு இடம் தருகிறது. வியாபார ஆதாயத்துக்காகச் செய்யப்படாத மீறலில் நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். நம் நோட்டீஸோ வியாபாரத்துக்காகவே அச்சடிக்கப்படுவது. ஆகவே அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது.

சட்டம் ஒருபுறம் இருக்க, கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அவற்றில் கடைக்காரர்களுக்கு வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, எங்கே பயன்படுத்தினாலும் கூகுள் பெயரும், தகவல் தந்த மற்ற நிறுவனங்களின் பெயரும் படத்திலோ படத்தை ஒட்டியோ, படிக்கும்படி இருக்க வேண்டும். கூகுள் சின்னத்தை மட்டும் ஒட்டினால் போதாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மொத்தமாக நன்றி சொல்வதும் ஏற்கப்படாது.

இரண்டாவது, புத்தகம், பத்திரிகை, அறிக்கை போன்றவற்றில் பெயரைப் போட்டு வரைபடத்தை வெளியிட இடம் கொடுக்கிறார்கள். இந்த வரம்புக்குள் இருந்தால் தனியாக அனுமதிக் கடிதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அச்சு விளம்பரம், விற்பனைப் பொருள், பேக்கிங், போஸ்டர், ஸ்டேஷனரி ஆகியவற்றில் போடக் கூடாது என்கிறார்கள். சங்க இதழின் கட்டுரையில் வரும் வரைபடம் வேறு, கடை நோட்டீஸில் வரும் வரைபடம் வேறு என்ற வித்தியாசத்தை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வரைபடத்தின் மீது அம்புக்குறி போடலாம், கடையைப் புள்ளி வைத்துக் காட்டலாம், பெயர் எழுதலாம். வரைபடத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்றக் கூடாது.

நான்காவது, ஸ்ட்ரீட் வியூ படங்களுக்கு இன்னும் கண்டிப்பு அதிகம். அவற்றை இறக்கி எடுத்துத் தனியாகப் பயன்படுத்துவது, பல படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்குவது, படத்தைப் பார்த்துத் தகவல்களைப் பிரித்தெடுத்து வேறொரு பட்டியல் தயாரிப்பது ஆகிய மூன்றுக்கும் தடை. கடை முகப்பை வெட்டி பிளக்ஸ் வைப்பது இதில் வந்துவிடுகிறது. "என் கடைதானே" என்று நாம் சொல்லலாம். கடை நம்முடையதுதான், படம் அவர்களுடையது.

வாடிக்கையாளர் நம் கடையைப் படம் எடுத்து வரைபடத்தில் ஏற்றியிருந்தாலும் இதே கணக்குதான். அந்தப் படத்தின் உரிமை எடுத்தவருக்கே உண்டு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் பெயரைப் போட்டு வெளியிட்டால் மறுக்கவும் மாட்டார், மகிழ்ச்சியும் அடைவார். நிபந்தனைகள் அவ்வப்போது மாறக்கூடியவை. பெரிய அளவில் அச்சடிக்கும் முன் ஒரு முறை திறந்து படித்துவிடுவது நல்லது.

யாருக்குத் தெரியப்போகிறது?

"ஆயிரம் நோட்டீஸ் அடிக்கிற நம்மை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்பது வழக்கமாக வரும் கேள்வி. வரைபடம் தயாரிப்பவர்கள் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1930-களில் அமெரிக்காவில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற நிறுவனம் நியூயார்க் மாநில வரைபடத்தில் ஒரு மண் சாலைச் சந்திப்பில் அக்ளோ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டது. வேறு எவராவது தம் வரைபடத்தில் இந்த ஊரைப் போட்டால், காப்பி அடித்தது தெரிந்துவிடும் அல்லவா? அதற்காக வைத்த பொறி. அந்த வரைபடத்தை எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளில் கொடுத்து வந்தார்கள். பின்னர் அந்த இடத்தில் ஒருவர் கடை வைத்தார். வரைபடத்தில் இருந்த பெயரைப் பார்த்து, அக்ளோ ஜெனரல் ஸ்டோர் என்று பெயரும் வைத்துவிட்டார். ராண்ட் மெக்நாலி நிறுவனத்தின் வரைபடத்தில் அந்த ஊர் வந்தபோது, காப்பி என்று பிரச்சினை கிளம்பியது. அங்கே அந்தப் பெயரில் கடையே இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு பலசரக்குக் கடையால் இல்லாத ஊர் உண்டாயிற்று! வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். வரைபடத்துக்குள் பொறி வைப்பார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

அடுத்தது இங்கிலாந்தில் நடந்தது. அங்கே ஆர்டினன்ஸ் சர்வே என்பது அரசின் நில அளவைத் துறை. மோட்டார் ஓட்டிகளுக்கு உதவி செய்து வந்த ஆட்டோமொபைல் அசோசியேஷன் தன் வரைபடங்களுக்கு இத்துறையின் வரைபடத்தைக் காப்பி அடித்ததாக வழக்கு வந்தது. சாலையின் அகலம் போன்றவற்றில் இருந்த சின்னச் சின்ன அடையாளங்கள் காட்டிக்கொடுத்தன. 2001-ஆம் ஆண்டு 2 கோடி பவுன் கொடுக்கச் சம்மதித்து அந்த அமைப்பு விவகாரத்தை முடித்துக்கொண்டது.

ஒரு நோட்டீஸுக்காக நம் மீது வழக்கு வரும் என்று யாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. தராசில் முத்திரை இருக்கிறதா என்று அதிகாரி வந்து பார்க்கும் நாளில் மட்டும் சரியாக நிறுக்கிறவர் நல்ல வியாபாரி அல்லர். யாரும் பார்க்காத நாளிலும் தராசு சரியாக இருக்க வேண்டும்.

இந்தியா வரைபடத்தில் கூடுதல் கவனம்

காலண்டரிலும் டைரியிலும் இந்தியா வரைபடம் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இங்கே பதிப்புரிமையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்திய நில அளவைத் துறை வெளியிட்டுள்ள வரைபடத்துக்கு மாறான இந்தியா வரைபடத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் 1990-ல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பல வெளிநாட்டில் தயாரானவை. காஷ்மீர், அருணாசலப் பிரதேச எல்லைகள் அவற்றில் வேறு மாதிரி இருக்கும். டிசைன் செய்யும் பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. காலண்டரில் நம் கடைப் பெயர்தான் இருக்கிறது; பதில் சொல்ல வேண்டியவரும் நாம்தான். ஆகவே நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

"அவர்கள் மட்டும் கேட்டா எடுத்தார்கள்?"

இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் கடை முகப்பு, போர்டு, கடை முன் நிற்கும் நம் வண்டி எல்லாவற்றையும் நம்மைக் கேளாமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் காட்டி விளம்பரப் பணம் சம்பாதிக்கிறார்கள். நாம் ஒரு படத்தை எடுத்தால் மட்டும் குற்றமா?

கட்டடங்களைப் படம் எடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று நம் சட்டத்தின் 52-ஆவது பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவு நமக்கும் சேர்த்துத்தான். தெருவில் நின்று நம் கடைவீதியை நாமும் படம் எடுக்கலாம். அப்படி எடுத்தால் அது நம் படம். யார் பெயரையும் போட வேண்டியதில்லை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எடுத்த படத்தை எடுப்பதற்குத்தான் தடை. முகத்தையும் வண்டி நம்பரையும் அவர்கள் மங்கலாக்கித்தான் காட்டுகிறார்கள். விடுபட்டிருந்தால், பிரச்சினையைத் தெரிவிக்கும் வசதி மூலம் நாம் கேட்டு மறைக்கச் செய்யலாம்.

அதே சமயம் அந்நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. பயன்படுத்தும் நிபந்தனைகளைச் சாதாரணக் கடைக்காரருக்கும் புரியும் தமிழில் கொடுக்க வேண்டும். கடை இடம் மாறிவிட்டது, வரைபடத்தில் பழைய இடத்தையே காட்டுகிறது என்று தெரிவித்தால் விரைவில் திருத்த வேண்டும். தவறான புள்ளியை நம்பி லோடு வண்டி ஒருவழிப் பாதையில் சுற்றிக்கொண்டு நின்றால், நஷ்டம் நம்முடையது. இந்தக் கோரிக்கைகளைத் தலை நிமிர்ந்து கேட்க வேண்டுமானால், நம் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. கூகுளில் கடையைப் பதிவு செய்வது இலவசம். கட்டணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை வரைபடத்தில் இருந்து எடுத்துவிடுவோம் என்று எவராவது போன் செய்தால், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நேரான வழிகள்

அப்படியானால் நோட்டீஸில் வழி காட்டுவது எப்படி? வழிகள் பல உள்ளன. எதற்கும் பெரிய செலவு இல்லை.

கடை இருக்கும் இடத்துக்கான இணைப்பை கியூ.ஆர். கோடாக அச்சடியுங்கள். இணைப்பு கொடுப்பது என்பது கடைக்கு வழி சொல்வது போன்றது. வரைபடத்தை எடுத்துக்கொண்டதாக ஆகாது. கைப்பேசியைக் காட்டினால் வரைபடம் அதன் சொந்த இடத்தில் திறந்துகொள்ளும்.

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற முறையைத் தொடங்கியது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கக் குறியீடு தந்திருக்கிறார்கள். 4 மீட்டர் என்றால் ஏறத்தாழ 13 அடி, ஒரு சிறு கடையின் அகலம். பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் பின்கோடுக்குப் பக்கத்தில் இதையும் போடலாம்.

வரைபடமாகவே அச்சடிக்க வேண்டுமென்றால் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தம் தெருக்களைத் தாமே குறித்து வளர்த்து வருகிறார்கள். வியாபாரத்துக்கும் விளம்பரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. அவர்கள் கேட்பது பெயர் ஒன்றுதான். படத்தின் ஓரத்தில் பதிப்புரிமைக் குறியோடு "ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்கள்" என்று போட்டு, அவர்களின் இணைய முகவரியையும் அச்சிட வேண்டும். அவர்களுடைய தகவல் தொகுப்பில் நாம் சேர்த்தோ திருத்தியோ வெளியிட்டால், அதையும் பிறர் எடுத்துக்கொள்ள அதே நிபந்தனையில் விட்டுக்கொடுக்க வேண்டும். தெருப் படங்களுக்கு மேப்பிலரி என்ற தளம் உள்ளது. 2013-ல் சுவீடனில் தொடங்கி, 2020-ல் ஃபேஸ்புக் வாங்கிய நிறுவனம். அதிலுள்ள படங்களையும் பெயர் போட்டு, அதே போன்ற நிபந்தனையில் பயன்படுத்தலாம்.

இவை எல்லாவற்றையும் விட எளிதானது, நம் கையால் வரைந்த படம். தேரடி, பஸ் ஸ்டாண்டு, வங்கி, நம் கடை என்று நான்கு கோட்டில் ஒரு படம் போட்டால் வாடிக்கையாளருக்கு அது போதும். உரிமையும் நம்முடையதே.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் கடைவீதியின் வரைபடத்தைத் தானே தயாரிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பெரிய நிறுவனங்களின் வரைபடத்தில் மெயின் ரோட்டுக் கடைகள் பளிச்சென்று தெரிகின்றன. சந்துக்குள் இருக்கும் பருப்பு மண்டியும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வெற்றிலைக் கடையும், தேங்காய்க் கமிஷன் கடையும் பல இடங்களில் இல்லவே இல்லை. வரைபடத்தில் இல்லாத கடைக்குப் புதிய வாடிக்கையாளர் வர மாட்டார் என்ற காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடைகளை வரைபடத்தில் ஏற்ற நம்மைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள்?

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேரிடம் சொன்னால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீதி வீதியாக நடந்து, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எல்லாக் கடைகளையும் குறித்துவிடுவார்கள். ஒரே ஒரு விதியை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கூகுள் வரைபடத்தையோ அதன் தெருப் படத்தையோ பார்த்து எழுதக் கூடாது. நேரில் நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். அது அந்த அமைப்பின் கண்டிப்பான விதி. நமக்கும் அதுதான் நல்லது. நேரில் பார்த்தவனுக்குத்தானே எந்தக் கடை இடம் மாறியது, எது மூடிக்கிடக்கிறது என்று தெரியும்.

அத்துடன் சங்கத்தின் அச்சு வேலைகளுக்கு ஒரு சிறு தீர்மானம் போட்டுவிடலாம். மலரிலும் இதழிலும் வரும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் படத்துக்கும் அடியில் உரியவர் பெயர் இருக்க வேண்டும்; பெயர் தெரியாத படம் அச்சாகக் கூடாது; இந்தியா வரைபடத்தை ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும் ஆர்டரிலேயே இந்த மூன்றையும் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

சரக்கு வாங்கினால் பில் கேட்கிறோம். யாரிடம் வாங்கியது என்று கணக்கில் எழுதுகிறோம். வரைபடத்துக்கும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்போம். வரும் ஆண்டின் காலண்டர் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இதைச் செயற்குழுவில் வைத்துப் பேசி முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.